எத்தனை கோப்பை என்று கேட்காதீர்கள்

"நாளொன்றுக்கு எத்தனை கோப்பை காபி அல்லது தேநீர் அருந்துவீர்கள்?" இளைஞர்களின் உணவுப் பழக்கத்தைப் பற்றிய எந்த வினாத்தாளைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் 0, 1, 2, 3, '4-க்கு மேல்' என்று ஐந்து கட்டங்கள். பதில் சொல்ல மூன்று விநாடிகூட ஆகாது. ஒரு கோப்பைக் காபியில் 95 மில்லிகிராம் காஃபீன் (காபியிலும் தேநீரிலும் உள்ள தூண்டுபொருள்) என்று வைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் விழும் எண்ணை யாரோ ஒருவர் 95-ஆல் பெருக்குவார். வந்த விடைக்குப் பின்னால் மில்லிகிராம் என்று எழுதி, ஒரு தசமப் புள்ளியும் வைத்து அட்டவணையில் ஏற்றுவார். அப்படி ஏற்றும் வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். 18 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் எவ்வளவு காஃபீன் உட்கொள்கிறார்கள் என்று கணக்கிடும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் வினாத்தாள் தயாரிப்பதும், வந்த விடைகளைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு.

விடைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புலப்பட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் தான் குடித்ததை எண்ணிப் பார்ப்பதே இல்லை. தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் எண்ணத்தைச் சொல்கிறார். அளவோடு இருப்பவன் என்று நம்புகிறவர் இரண்டைத் தேர்ந்தெடுக்கிறார். காபிப் பைத்தியம் என்று நண்பர்களிடம் பெயர் வாங்கியவர் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடுகிறார். நடுவில் உண்மை எங்கோ கிடக்கிறது.

இத்தனைக்கும், ஒரு திரவத்தில் காஃபீன் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேதியியலில் பெரிய வித்தையே இல்லை. ஃபிரீட்லிப் ஃபெர்டினாண்ட் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1819-இலேயே காபிக் கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார். கவிஞர் கதேதான் அவரிடம் கொஞ்சம் காபிக் கொட்டையைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லித் தூண்டியவர். இன்றைக்கு ஓரளவு வசதியுள்ள எந்த ஆய்வுக்கூடத்திலும், திரவத்தில் கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவி இருக்கும். 273 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புறஊதா ஒளியைக் காஃபீன் நன்றாக உறிஞ்சும். அதை வைத்துச் சில நிமிடங்களில் அளவைச் சொல்லிவிடலாம். சோதனைக் குழாயில் இருப்பதை அளப்பது அவ்வளவு சுலபம். இருபது வயதுக்காரர் ஒருவரின் ஒரு செவ்வாய்க்கிழமையை அளப்பதுதான் பெரும்பாடு.

கோப்பையிலேயே தொடங்குகிறேன். முன்னோட்டச் சுற்றில், தினமும் பயன்படுத்தும் கோப்பையைக் கையோடு எடுத்து வரும்படி பங்கேற்பாளர்களிடம் சொல்லியிருந்தோம். மேசைமேல் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர், பக்கத்தில் கோடு போட்ட அளவுசாடி. "வழக்கமாக எந்த மட்டம் வரை ஊற்றிக்கொள்வீர்களோ அந்த மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள்" என்பது மட்டுமே உத்தரவு. ஊற்றியதைச் சாடியில் கவிழ்த்து அளந்தோம். முதலில் வந்த மாணவியின் பீங்கான் கோப்பை 150 மி.லி.யில் நின்றது. அடுத்து வந்த இளைஞர் மூடி போட்ட எஃகுக் குவளை ஒன்றை வைத்தார். ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். சாடி ஒரு தடவை நிரம்பி, அதைக் கொட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டியிருந்தது. மொத்தம் 480 மி.லி. இருவருமே படிவத்தில் '2 கோப்பை' என்று எழுதியிருந்தார்கள். நான் இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துக் காட்டியபோது அந்த இளைஞர் சிரித்தார். "ஒரு தடவை நிரப்பினால் ஒரு கோப்பைதானே, அக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கொள்ளளவைக் கேட்காத படிவத்துக்கு அவர் வேறு எப்படிப் பதில் சொல்ல முடியும்?

கொள்ளளவைச் சரிசெய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று குழுவில் சிலர் ஆசுவாசப்பட்டார்கள். அவர்களுக்கு 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை எடுத்துக் காட்டினேன். ஒரே கடை, ஒரே பெயருள்ள காபி, ஒரே அளவுக் கோப்பை. தொடர்ந்து ஆறு நாள் வாங்கிக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். 16 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 470 மி.லி. கோப்பை அது. மிகக் குறைந்த நாளில் 259 மி.கி., மிக அதிகமான நாளில் 564 மி.கி. கடை மாறவில்லை, கோப்பை மாறவில்லை, குடிப்பவரும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் குடித்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் இன்னொரு நாள் குடித்திருப்பார். அவருக்கே தெரிந்திருக்காது. 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிளாஸ்கோ நகரில் இருபது இடங்களில் வாங்கிய எஸ்பிரெஸோ காபிகளை (சிறு கோப்பையில் வரும் கெட்டிக் காபி) ஆய்வாளர்கள் அளந்தபோது நிலைமை இன்னும் மோசம். ஒரு கோப்பையில் 51 மி.கி., மற்றொன்றில் 322 மி.கி. ஆறு மடங்கு வித்தியாசம்.

காரணங்கள் ஒன்றும் மர்மமானவை அல்ல. ரோபஸ்டா வகைக் கொட்டையில் அராபிக்காவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் உண்டு. எவ்வளவு தூள் போடுகிறார்கள், எவ்வளவு நைசாக அரைத்தது, சுடுநீர் எவ்வளவு நேரம் தூளோடு இருந்தது என்று ஒவ்வொன்றும் அளவை ஏற்றி இறக்கும். தேநீருக்கும் இதே கதைதான். இலை எவ்வளவு, ஊறிய நேரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இவ்வளவையும் ஓரங்கட்டிவிட்டு, அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 8 அவுன்ஸ் காபிக்கு 95 மி.கி., அதே அளவு கறுப்புத் தேநீருக்கு 47 மி.கி., ஓர் அவுன்ஸ் எஸ்பிரெஸோவுக்கு 63 மி.கி. என்று போட்டிருப்பதை எடுத்து உலகமெல்லாம் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பட்டியலைக் குறை சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு சராசரி வேண்டியிருக்கிறது. அந்தச் சராசரிக்குப் பின்னால் தசமப் புள்ளி வைக்கும் துணிச்சல்தான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு வேடிக்கை. எங்கள் படிவத்தில் மிகவும் நம்பகமான வரி எது தெரியுமா? எல்லோரும் கரித்துக்கொட்டும் எனர்ஜி பானத்தின் வரிதான். அது டப்பாவில் வருகிறது. கொள்ளளவு அச்சாகியிருக்கிறது. காஃபீன் அளவும் பெரும்பாலும் அச்சாகியிருக்கிறது. பல நாடுகளில் விற்கும் ரெட் புல்லின் 250 மி.லி. டப்பாவில் 80 மி.கி. மான்ஸ்டரின் 473 மி.லி. டப்பாவில் 160 மி.கி. ஒருவர் "இரண்டு டப்பா" என்று சொன்னால் அது எந்த ஊரிலும் இரண்டு டப்பாதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து, ஒரு லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் காஃபீன் உள்ள பானங்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். காபிக்கும் தேநீருக்கும் அதிலிருந்து விலக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 250 மி.லி. டப்பா லிட்டருக்கு 320 மி.கி. என்று எச்சரிக்கையைச் சுமக்கிறது. பட்டியல் சராசரிப்படி சாதாரணக் காபி லிட்டருக்கு 400 மி.கி., எஸ்பிரெஸோ 2,000 மி.கி.யையும் தாண்டுகிறது. இரண்டும் எச்சரிக்கை இல்லாமல் மேசைக்கு வருகின்றன. டப்பாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பயத்தையும் அளவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஆய்வு பாழாகிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த சிக்கல், காஃபீன் என்று தோன்றாத காஃபீன். ஒரு மாணவரின் படிவம் நினைவில் நிற்கிறது. காபி: இல்லை. தேநீர்: இல்லை. அடித்துத் திருத்தாத, தெளிவான கையெழுத்து. பழைய வினாத்தாளாக இருந்தால் அவர் '0 மி.கி.' என்று பதிவாகி, காஃபீனே தொடாதவர்களின் குழுவில் சேர்ந்திருப்பார். நாங்கள் நேரில் உட்கார்ந்து முந்தைய நாளை மணி மணியாகக் கேட்கும் முறையை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். "காபி, தேநீர் இரண்டையும் நான் தொடுவதே இல்லை, அக்கா" என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தார். மதிய உணவோடு 355 மி.லி. கோலா. மாலை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் முன் தண்ணீரில் கலக்கி ஒரு கரண்டிப் பொடி. தலைவலிக்கு இரண்டு மாத்திரை. பொடி டப்பாவையும் மாத்திரை அட்டையையும் பையிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னேன். டப்பாவின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், ஒரு கரண்டிக்கு 200 மி.கி. என்று இருந்தது. மாத்திரையில் காஃபீன் கலந்த வகை, ஒன்றுக்கு 65 மி.கி. கோலாவில் 34. மொத்தம் 364 மி.கி. படிவத்தின்படி அவர் பூஜ்யம்.

இவரைப் போன்றவர்களை ஒப்பீட்டுக் குழுவில் வைத்துக்கொண்டு, "காஃபீன் குடிப்பவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் தூக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை" என்று முடிவு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட முடிவுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது பின்னிணைப்பில் உள்ள வினாத்தாளைத்தான். மாத்திரை, பொடி, சூயிங் கம், சாக்லேட், குவாரானா (காஃபீன் உள்ள ஒரு விதை) சேர்த்த பானம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். காஃபீன் நீக்கிய காபியிலும் கோப்பைக்கு 2 முதல் 15 மி.கி. வரை மிஞ்சியிருக்கும். அது சிறு தொகைதான், விட்டுத்தள்ளலாம். பொடியை விட முடியாது.

'வழக்கமாக' என்ற வினையடையும் இருக்கிறதே, அதோடு எனக்குத் தீராத சண்டை. ஐம்பது வயதானவரிடம் வழக்கமாக எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் அர்த்தம் உண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பல ஆண்டுகளாக ஒரே தடத்தில் போகிறவர் அவர். இருபது வயதில் வழக்கம் என்று ஒன்று இன்னும் படிந்திருப்பதில்லை. தேர்வு வாரத்தில் ஒரு கணக்கு, விடுமுறையில் வேறு கணக்கு. இரவுப் பணி கிடைத்த மாதத்தில் எல்லாம் தலைகீழ். அவரிடம் 'வழக்கமாக' என்று கேட்டால், கடந்த வாரம் எப்படிப் போனதோ அதையே வழக்கம் என்று சொல்லிவிடுவார். செமஸ்டர் முடிந்த மறுவாரம் எடுத்த கணக்கெடுப்பும், தேர்வுக்கு முந்தின வாரம் எடுத்த கணக்கெடுப்பும் இரண்டு வேறு நாட்டுக்காரர்களைப் பற்றியவை போலத் தோன்றும்.

பல நாள் நாட்குறிப்பு எழுதச் சொல்வது ஒரு வழி. குடித்தவுடன் எழுத வேண்டும் என்பதால் மறதிக்கு இடம் குறைவு. ஆனால் எழுத வேண்டுமே என்ற சலிப்பிலேயே சிலர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு ஏழாம் நாள் காலையில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு வாரத்தையும் நிரப்பிக் கொண்டுவருகிறார்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும். நான் நம்புவது முந்தைய 24 மணி நேரத்தை நேர்முகமாகக் கேட்பதைத்தான். அதையும் தொடர்ச்சியாக இல்லாத சில நாள்களில், வாரக் கடைசி ஒன்றையும் சேர்த்து, கேட்க வேண்டும். ஆள்பலம் அதிகம் தேவை, செலவு பிடிக்கும், மேலிடத்துக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுந்த நேரத்தில் தொடங்கி ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனால், பொடியும் மாத்திரையும் தானாக வெளியே வரும்.

சரி, பெரிய கணக்கெடுப்புகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் 2010-11-இல் 37,602 பேரிடம் ஏழு நாள் நாட்குறிப்பு வாங்கி, 2014-இல் வெளியிட்டார்கள். 85 சதவீதம் பேர் நாளுக்கு ஒரு காஃபீன் பானமாவது குடிக்கிறார்கள், சராசரி உட்கொள்ளல் 165 மி.கி. செய்தித்தாள்கள் அதோடு நிறுத்திக்கொண்டன. அதே ஆய்வில் மேல் பத்து சதவீதத்தினரின் எல்லை 380 மி.கி. என்று இருக்கிறது. சராசரியைப்போல் இரு மடங்குக்கு மேல். குறைவாகக் குடிக்கும் பெருங்கூட்டமும் மிக அதிகமாகக் குடிக்கும் சிறு கூட்டமும் உள்ள இடத்தில் சராசரி யாரையும் காட்டுவதில்லை. இன்னொரு தகவலும் அதில் உண்டு. மிக அதிகமாகக் காஃபீன் உட்கொண்டது இளைஞர்கள் இல்லை, 50 முதல் 64 வயது வரையுள்ளவர்கள். நாளுக்கு 226 மி.கி. எனர்ஜி பானம் குடித்தவர்கள் எந்த வயதுப் பிரிவிலும் பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று அங்கலாய்க்கும் பெரியவர்கள் கையில் என்ன கோப்பை இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லூரி மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வும் உண்டு. ஐந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1,248 பேர், 2019-இல் வெளியானது. கடந்த ஓராண்டில் ஏதேனும் ஒரு வடிவில் காஃபீன் எடுத்தவர்கள் 92 சதவீதம், சராசரி நாளுக்கு 159 மி.கி. காரணம் கேட்டபோது 79 சதவீதம் பேர் விழிப்பாக இருப்பதற்காக என்றார்கள், 68 சதவீதம் பேர் சுவைக்காக என்றார்கள். முன்னதுதான் என் கவனத்தைப் பிடித்தது. விழித்திருப்பதற்காகக் குடிக்கிறவர் எவ்வளவு குடித்தார் என்பதைவிட எப்போது குடித்தார் என்பது பெரிய கேள்வி. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான். நாள் மொத்தம் என்ற ஓர் எண்ணுக்குப் பின்னால் ஓடி ஓடி, கடிகாரத்தைக் கேட்க மறந்துவிட்டோம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கொடுத்த கருத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 400 மி.கி. வரை கவலை இல்லை என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஒரே தடவையில் 200 மி.கி. வரை என்ற வரியும் அதே அறிக்கையில் இருக்கிறது. படுக்கைக்குப் போகும் நேரத்தை ஒட்டிக் குடித்தால் 100 மி.கி.கூடச் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டையும் ஏனோ யாரும் கண்டுகொள்வதில்லை. நாள் மொத்தம் 240 மி.கி. உள்ள ஒருவர் 400-க்குக் கீழே இருப்பதால் 'பாதுகாப்பான' கட்டத்தில் விழுவார். அந்த 240-ஐயும் அவர் இரவு ஒன்பது மணிக்கு ஒரே மூச்சில் குடித்தாரா, காலையிலிருந்து மூன்று தடவையாகக் குடித்தாரா என்று கட்டம் கேட்காது.

உடல் அதைக் கேட்கும். பெரும்பாலான பெரியவர்களின் உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணிக்கு 160 மி.கி. டப்பாவைக் குடித்தவருக்கு நள்ளிரவில் 80 மி.கி. மீதி இருக்கும். சிறிய டப்பா ஒன்றைத் திறந்து குடித்துவிட்டுத் தலையணையில் தலை வைப்பதற்குச் சமம். விடியற்காலை ஐந்து மணிக்கும் 40 மி.கி. உள்ளே உலவிக்கொண்டிருக்கும். 2013-இல் வெளியான ஒரு பரிசோதனையில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மி.கி. கொடுத்தபோதும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அப்படித் தூங்கி எழுந்தவர் மறுநாள் சோர்வைப் போக்க என்ன குடிப்பார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இன்னொரு கண்ணியும் இதில் உண்டு. தினமும் குடித்துப் பழகியவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் மந்தமும் தொடங்கிவிடும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் காஃபீன் விலகல் ஒரு நோயறிதலாகவே இடம்பெற்றிருக்கிறது. காலையில் முதல் கோப்பை தரும் தெளிவில் ஒரு பகுதி, இரவெல்லாம் குடிக்காததால் வந்த மந்தம் விலகுவதுதான். 'காஃபீன் உங்கள் கவனத்தைக் கூட்டுகிறதா?' என்ற கேள்விக்கு வரும் 'ஆம்'களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

வாய்ச்சொல்லை நம்பாமல் உடலையே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்கலாம். உமிழ்நீரில் உள்ள காஃபீன் ரத்தத்தில் உள்ள அளவை நன்றாகவே பின்தொடர்கிறது. ஊசி வேண்டாம், ஒரு பஞ்சுத் துண்டை மென்று கொடுத்தால் போதும். ஆனால் கிடைப்பது உட்கொண்ட அளவு இல்லை, மிஞ்சிய அளவு. வீடு திரும்பியவரின் சட்டைப் பையில் உள்ள சில்லறையை எண்ணிவிட்டு, காலையில் எவ்வளவு எடுத்துப்போனார் என்று சொல்வதைப் போன்றது. செலவழிக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறு. கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதிதான் காஃபீனின் பெரும்பகுதியைச் சிதைக்கிறது. புகைபிடிப்பவர்களிடம் இந்த நொதி முடுக்கிவிடப்பட்டு, காஃபீன் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் கரைந்துவிடும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களிடம் நேர்மாறாக, அது வெளியேற ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும். ஒரே வயது, ஒரே கோப்பை, ஒரே மணி. ஆனால் நள்ளிரவில் ஒருவர் உமிழ்நீரில் கொஞ்சம்தான் இருக்கும், இன்னொருவரிடம் நிறைய இருக்கும். எந்த வயதினரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். புகைப் பழக்கமும் கருத்தடை மாத்திரையும் தொடங்கும் வயது இது. அந்த இரண்டையும் கேட்காத காஃபீன் ஆய்வு அரைகுறை ஆய்வு.

சிறுநீரைச் சோதித்தால் மாற்றமடையாத காஃபீன் மிகக் குறைவாகவே கிடைக்கும், உட்கொண்டதில் மூன்று சதவீதத்துக்கும் கீழே. மிச்சமெல்லாம் சிதைந்து வேறு பொருள்களாக வருகிறது. சிதைவில் முக்கியமானது பாராசாந்தின், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. விளையாட்டு உலகம் இதோடு மல்லுக்கட்டிய வரலாறு உண்டு. சிறுநீரில் ஒரு மி.லி.க்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் காஃபீன் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம் என்று வைத்திருந்தார்கள். 2004-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தடைப் பட்டியலிலிருந்து காஃபீனை எடுத்துவிட்டது, கண்காணிப்புப் பட்டியலில் மட்டும் வைத்துக்கொண்டது.

தனி ஆளை விட்டுவிட்டு ஊரையே அளக்கும் முறையும் வந்துவிட்டது. கழிவுநீரில் பாராசாந்தினை அளந்தால் அந்தப் பகுதி மக்கள் மொத்தமாக எவ்வளவு காஃபீன் உட்கொண்டார்கள் என்று மதிப்பிடலாம். ஏன் காஃபீனையே அளக்கக் கூடாது? ஆறிப்போன காபியைத் தொட்டியில் கொட்டினால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். பாராசாந்தின் ஒரு மனித உடல் வழியாகப் போயிருந்தால்தான் வரும். இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரைச் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வில், மாதிரி எடுத்த இடங்களில் பாதிக்கும் மேல் காஃபீன் இருந்தது. ஆனால் கழிவுநீருக்கு வயது தெரியாது. இளைஞர்களுடையது எது, அவர்களின் தாத்தாவுடையது எது என்று பிரித்துச் சொல்லாது.

அளவு என்ற சொல்லை அலட்சியமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது 2015-இல் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் நடந்ததைத்தான். காஃபீன் உடற்பயிற்சியை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. இரண்டு மாணவர்கள் தலைக்கு 0.3 கிராம் எடுக்க வேண்டியது. முன்பெல்லாம் மாத்திரை, அந்தத் தடவை பொடி. கைப்பேசியில் போட்ட கணக்கில் தசமப் புள்ளி இடம் மாறி, தலைக்கு 30 கிராம் கொடுக்கப்பட்டது. நூறு மடங்கு. இருவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தார்கள். 2017 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கரண்டியால் அள்ளிப் போடும் பொடி எவ்வளவு ஆபத்தான வடிவம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தூய காஃபீன் பொடி ஒரு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 28 கோப்பைக் காபிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. கரண்டியில் குவித்து எடுத்தீர்களா, தட்டிச் சமப்படுத்தி எடுத்தீர்களா என்று நான் பங்கேற்பாளர்களிடம் கேட்கும்போது அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இப்போது எங்கள் படிவத்தில் 'எத்தனை கோப்பை' என்ற கேள்வியே கிடையாது. எழுந்தது எப்போது, அதற்குப் பின் முதலில் எதைக் குடித்தீர்கள், எதில் குடித்தீர்கள் என்று தொடங்குகிறது. கோப்பைகளின் படம் அசல் அளவில் அச்சாகியிருக்கிறது, தங்களுடையதைத் தொட்டுக் காட்டினால் போதும். மாத்திரையும் பொடியும் தனித்தனி வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி. கடைசி வரி, நாளின் கடைசிக் காஃபீன் எத்தனை மணிக்கு, படுத்தது எத்தனை மணிக்கு. ஒரு படிவத்துக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. மூன்று விநாடி எங்கே, பதினைந்து நிமிடம் எங்கே என்று முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது.

அறிக்கை எழுதும்போதுதான் உண்மையான சண்டை. எத்தனை சதவீதம் பேர் 400 மி.கி.யைத் தாண்டுகிறார்கள் என்று ஒற்றை எண்ணைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். காபியின் அளவு இத்தனை மடங்கு ஏறி இறங்கும் என்று தெரிந்த பிறகு ஒற்றை எண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோப்பைக்கு மிகக் குறைந்த அளவை வைத்து அட்டவணையில் ஒரு பத்தியும், மிக அதிக அளவை வைத்து இன்னொரு பத்தியும் போட்டேன். "இரண்டு எண் கொடுத்தால் யாரும் எடுத்தாள மாட்டார்களே அம்மா" என்றார் எங்கள் பேராசிரியர். "எடுத்தாளாமல் போகட்டும் ஐயா, தப்பாக எடுத்தாளாமல் இருந்தால் சரி" என்றேன். இரண்டு பத்தியும் நிலைத்துவிட்டன.

கடைசிக் காஃபீன் எத்தனை மணிக்கு என்ற கட்டத்தைப் பற்றிய விவாதம் மட்டும் முடிந்தபாடில்லை. நிறையப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். காலியான விடைகள் கணக்கைக் கெடுக்கின்றன, எடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் புள்ளியியலாளர். காலியாக விடுபவர்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் குடிப்பவர்களாகவும், அதை எந்தத் தேதியில் எழுதுவது என்று தெரியாமல் விடுபவர்களாகவும் இருக்கக்கூடும் என்பது என் சந்தேகம். அடுத்த சுற்றில் காலையில் உமிழ்நீர் மாதிரியும் எடுக்கப்போகிறோம். காலிக் கட்டக்காரர்களின் பஞ்சுத் துண்டுகளைத் தனி உறையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.